இணையக் கடையும் நூற்பட்டியல் வரலாறும்: ஒரு தமிழ் நூற்கடையின் புதுப்பிப்பை முன்வைத்து

முன்னுரை

தமிழ் அச்சு நூல்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் நூல்களுக்கு முன்பாக நூற்பட்டியல்களையே நாடுகின்றனர். அச்சான நூல்கள் செல்லரிக்கின்றன. வீடு மாறும்போது பழைய தாள் வாங்குவோரிடம் செல்கின்றன. இரவல் கொடுத்தவை திரும்புவதில்லை. அவ்வாறு மறைந்த நூல் ஒரு காலத்தில் இருந்தது என்பதற்குப் பட்டியலில் உள்ள ஒற்றை வரியே சான்றாக எஞ்சுகிறது. ஜான் மர்டாக் 1865ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்ட வகைப்படுத்தப்பட்ட தமிழ் நூற்பட்டியல், இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் நூற்பதிவுச் சட்டத்தின்கீழ்க் காலாண்டுதோறும் வெளிவந்த அரசுப் பட்டியல்கள், நீரிணைக் குடியேற்றங்களில் 1886ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி அரசிதழில் இடம்பெற்ற பதிவுகள் ஆகியவை இல்லையேல் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுலகைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். நம் நாட்டைப் பொறுத்தவரை, இராம சுப்பையா தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ இன்றளவும் ஆய்வு மாணவர் முதலில் புரட்டும் பட்டியலாக உள்ளது.

இவை அனைத்தும் அரசோ சமய அமைப்போ பல்கலைக்கழகமோ தொகுத்தவை. இவற்றுக்கு இணையாக ஓடிய மற்றொரு வகையும் உண்டு. அதுவே விற்பனையாளரின் பட்டியல். பழைய நூல்களின் கடைசிப் பக்கங்களில் ‘நம்மிடம் கிடைக்கும் புத்தகங்கள்’ என அணாக் கணக்கில் விலையுடன் அச்சிடப்பட்ட வரிசைகளை அறியாத ஆய்வாளர் இலர். இந்திய அஞ்சல் துறை 1877ஆம் ஆண்டில் தொடங்கிய விலை பெற்று ஒப்படைக்கும் அஞ்சல் முறை இத்தகைய பட்டியல்களுக்குப் புத்துயிர் அளித்தது. கடைக்கு வர இயலாதவரும் பட்டியலைப் பார்த்துக் கடிதம் எழுதி நூலைப் பெற்றனர். நூலின் பெயரையும் விலையையும் காட்டி, தொலைவில் இருப்பவரிடம் விற்பது என்னும் அந்த முறையைத்தான் இன்று இணையக் கடை என்கிறோம்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சுப் பட்டியல் பழையதானாலும் எங்கோ ஒரு படி எஞ்சும். இணையக் கடையோ புதுப்பிக்கப்படும்போது பழையதன்மேல் புதியது எழுதப்படுகிறது. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நூற்கடையின் காலாவதியான இணையக் கடை 2021ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டபோது நாம் உடனிருக்க நேர்ந்தது. அந்நிகழ்வை வரலாற்று மாணவரின் கண்கொண்டு பதிவுசெய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கடையின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் அவர் விருப்பப்படி தவிர்த்துள்ளோம்.

சிறுகடை இணையத்திற்கு வந்த வழி

தொலைவிலிருந்து மின்னணு வழியில் பொருள் வாங்கும் முறை இணையத்திற்கு முந்தியது. இங்கிலாந்தில் மைக்கேல் ஆல்ட்ரிச் 1979ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சியைத் தொலைபேசிக் கம்பியுடன் இணைத்து இதனை நிகழ்த்திக் காட்டினார். 1984ஆம் ஆண்டு மே மாதம் கேட்ஸ்ஹெட் நகரில் ஜேன் ஸ்னோபால் என்னும் 72 வயது மூதாட்டி தம் வீட்டுத் தொலைக்காட்சி வழியே மார்கரின், முட்டை, சோளச் செதில்கள் ஆகியவற்றை வரவழைத்தார். வீட்டை விட்டு வெளியேற இயலாத முதியோருக்கான நகராட்சித் திட்டமாகத் தொடங்கியது அது. பின்னர் நாம் கண்ட பெருவணிகத்தின் சாயல் அதில் சிறிதும் இல்லை.

இணையத்தில் சிறுவணிகர் தாமே கடை அமைக்கும் வாய்ப்பு 1995ஆம் ஆண்டில் பால் கிரஹாம், ராபர்ட் மோரிஸ் ஆகியோர் தொடங்கிய ‘வயாவெப்’ மூலம் வந்தது. நிரல் எழுதத் தெரியாத வணிகரும் உலாவியின் வழியாகவே தம் கடையைத் திருத்திக்கொள்ளலாம் என்பதே அதன் புதுமை. 1998ஆம் ஆண்டில் அதனை யாகூ நிறுவனம் வாங்கியது. எனினும் நம் வட்டாரச் சிறுகடைகளுக்கு மாதக் கட்டணமுள்ள அச்சேவை எட்டாக்கனியாகவே இருந்தது. அவர்களுக்குக் கைகொடுத்தது ஜெர்மனியில் ஹரால்ட் போன்சே டி லியோன் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய ‘ஓஎஸ்காமர்ஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருள். எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். கணினி படித்த ஓர் உறவுப்பையன் இருந்தால் போதும், வார இறுதி இரண்டில் கடை எழுந்துவிடும். அக்கால இணையக் கடைகள் பலவற்றை எழுப்பியவர்கள் இத்தகைய உறவுப்பையன்களே என்பது நம் துணிபு. அவர்களுடைய பெயர்கள் எந்த வரலாற்றிலும் வரப்போவதில்லை.

மலேசியாவில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் இணையச் சேவை 1992ஆம் ஆண்டிலும், டிஎம்நெட் 1996ஆம் ஆண்டிலும் வந்தன. பல்லூடகப் பெருவழித் திட்டம் 1996ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மின்கையொப்பச் சட்டமும் கணினிக் குற்றச் சட்டமும் 1997ஆம் ஆண்டில் இயற்றப்பட்டன. சட்டம் முன்னே சென்றது. கடைத்தெரு பின்னே வந்தது. கடன் அட்டை வழிப் பணம் பெறும் வசதியைச் சிறுகடைகளுக்கு வங்கிகள் எளிதில் வழங்கவில்லை. ஆகவே நாம் குறிப்பிடும் நூற்கடை 2003ஆம் ஆண்டில் இணையத்தில் திறக்கப்பட்டபோது அதன் நடைமுறை விந்தையான கலவையாக இருந்தது. வாங்குபவர் இணையப் பக்கத்தில் நூல்களைத் தெரிவுசெய்வார். மொத்தத் தொகையைத் தாளில் குறித்துக்கொள்வார். வங்கிக்குச் சென்று கடையின் கணக்கில் பணம் கட்டுவார். அச்சீட்டைத் தொலைநகலில் அனுப்புவார். பின்னர் ‘சீட்டு வந்து சேர்ந்ததா?’ எனத் தொலைபேசியில் கேட்பார். மூன்றாம் நாள் நூல் அஞ்சலில் போகும். இம்முறையில் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையே குறைந்தது ஒருமுறையாவது பேச்சு நிகழ்ந்தது. அதன் பயனை நாம் பின்னர்க் காண்போம்.

எழுத்துருவும் குறியாக்கமும்

ஆங்கில நூல் விற்கும் கடைக்கு இல்லாத ஒரு சிக்கல் தமிழ் நூற்கடைக்கு இருந்தது. அது எழுத்துச் சிக்கல். கணினியில் தமிழ் எழுத்துகளுக்கு எந்த எண்ணைக் குறியாக வழங்குவது என்பதில் 1990களில் ஒருமைப்பாடு இல்லை. ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனித்தனி முறையைக் கையாண்டது. நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாடு, 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடு, 2000ஆம் ஆண்டில் மீண்டும் சிங்கப்பூரில் கூடி உத்தமம் அமைப்பைத் தோற்றுவித்த மாநாடு, 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடந்த மாநாடு ஆகிய அனைத்திலும் குறியாக்கமே தலையாய பொருளாக விளங்கியது. தமிழக அரசு தாம், தாப் ஆகியவற்றை ஏற்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் திஸ்கி பரவலாக வழங்கியது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்தியோர் திஸ்கியில் எழுதப் பழகினர். ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகிய இயங்குதளங்கள் வந்த பின்னரே சாதாரணப் பயனர் அதனைக் காண முடிந்தது.

2003ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தெரிவு செய்யாதது கடைக்காரரின் பிழை என இன்று கூறுவது எளிது. அன்றைய வாடிக்கையாளர்களில் பலர் விண்டோஸ் 98 வைத்திருந்தனர். ஒருங்குறித் தமிழ் அக்கணினியில் வெறும் கட்டங்களாகவே தெரியும். ஆகவே திஸ்கியே நடைமுறைக்கு உகந்தது. கடையின் முகப்பில் ‘எழுத்துருவைத் தரவிறக்கம் செய்க’ என்னும் அறிவிப்பு நெடுநாள் நின்றது.

திஸ்கியின் அமைப்பில் இரு கூறுகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை. முதலாவது, அது எழுத்தின் வடிவ வரிசையைப் பின்பற்றுவது. ‘கொ’ என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகக் கண்ணுக்குத் தெரியும் முறையில் அடுக்குகிறது. ஒருங்குறியோ ககரத்தை முன்வைத்து உயிர்க்குறியைப் பின்வைக்கிறது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது வரிசையையும் திருத்த வேண்டும். இதனைச் செய்யும் மாற்றிகள் பல உள்ளன. இதில் பெருந்துன்பம் இல்லை.

இரண்டாவது கூறே துன்பம் தந்தது. திஸ்கியின் 1.6ஆம் பதிப்பில் ‘இ’ என்னும் உயிரெழுத்துக்கு 173ஆம் எண் வழங்கப்பட்டிருந்தது. மேலைநாட்டு எழுத்துத் தரத்தில் அதே எண், வரியிறுதியில் சொல்லை உடைப்பதற்கான மறை இடைக்கோட்டுக்கு உரியது. வரி உடையாத இடத்தில் அக்கோட்டைக் காட்டக் கூடாது என்பது விதி. எனவே சில உலாவிகளும் செயலிகளும் விதிப்படி நடந்து ‘இ’யை மறைத்தன. இக்குறையை உணர்ந்த திஸ்கிக் குழுவினர் 1.7ஆம் பதிப்பில் ‘இ’க்கு 254ஆம் எண்ணையும் வழங்கினர். ஆனால் பழைய எழுத்துருவைக் கொண்டு தட்டச்சு செய்தவை பழைய எண்ணிலேயே தங்கிவிட்டன. இதனோடு ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் 128 முதல் 159 வரையிலான பகுதியில் அமைந்தன. அப்பகுதியைக் கட்டுப்பாட்டுக் குறிகளாகக் கருதி நீக்கிவிடும் செயலிகளும் உண்டு.

கடை பழையதான வரலாறு

ஒரு கடை ஒரே நாளில் பழையதாவதில்லை. நம் நூற்கடையின் இணையப் பக்கத்தில் 2003ஆம் ஆண்டுக்குப் பின் எவரும் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. உலகம்தான் அதனைவிட்டு நகர்ந்தது. ஓஎஸ்காமர்ஸின் அன்றைய பதிப்பு, பிஎச்பி மொழியின் ஒரு தளர்ந்த வசதியைச் சார்ந்து எழுதப்பட்டிருந்தது. பாதுகாப்புக் கருதி 2012ஆம் ஆண்டு அவ்வசதி அம்மொழியிலிருந்து நீக்கப்பட்டது. தரவுத்தளத்துடன் பேசும் பழைய கட்டளைகள் 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த பிஎச்பி 7இல் இல்லாமற்போயின. கடையை ஏற்றிருந்த வழங்கி நிறுவனம் பழைய பிஎச்பியை எவ்வளவு காலம் விட்டுவைக்கிறதோ அவ்வளவு காலமே கடைக்கு வாழ்வு என்னும் நிலை ஏற்பட்டது.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கூகுள் தேடுபொறி கைப்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்குக் கைப்பேசித் தேடலில் முன்னுரிமை அளிக்கத் தொடங்கியது. அதே மாதம் முதல் நாள் நம் நாட்டில் பொருள் சேவை வரி நடப்புக்கு வந்தது. பற்றுச்சீட்டில் வரியைத் தனியே காட்டும் வசதி பழைய கடையில் இல்லை. 2018ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அவ்வரி சுழிய விகிதமாக்கப்பட்டபோது கடைக்காரர் ஒன்றும் செய்யாமலே சிக்கல் தீர்ந்தது எனச் சிரித்துக்கொண்டே கூறினார். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் குரோம் உலாவி மறையாக்கம் இல்லாத பக்கங்களைப் ‘பாதுகாப்பற்றது’ எனச் சுட்டத் தொடங்கியது. இருபது ஆண்டுகளாகக் கடைக்கு வந்துபோன ஆசிரியர் ஒருவர் அச்சொல்லைக் கண்டு அஞ்சித் தொலைபேசியில் விசாரித்தாராம். கடைக்காரருக்கு அது மானக்கேடாகப் பட்டது. ‘என்னைப் போய்ப் பாதுகாப்பில்லாதவன் என்று எழுதியிருக்கிறார்கள், டாக்டர்’ என்று அவர் நம்மிடம் வருந்தியது நினைவிலிருக்கிறது.

இதற்கிடையே 2012ஆம் ஆண்டில் லசாடாவும் 2015ஆம் ஆண்டில் ஷாப்பியும் மலேசியாவுக்கு வந்தன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான மின்வணிக விதிமுறைகள் 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்து, விற்பவர் தம் பெயர், பதிவெண், முழு விலை, ஒப்படைக்கும் காலம் முதலியவற்றைத் தெரிவிக்க வேண்டும் எனப் பணித்தன. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த டுயிட்நவ் சேவை கைப்பேசி எண்ணைக் கொண்டே உடனுக்குடன் பணம் அனுப்ப வழிசெய்தது. தொலைநகலும் வங்கிச் சீட்டும் வழக்கொழிந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தின் கடைக்கதவுகள் அடைபட்டன. எஞ்சிய ஒரே வாசல் இணைய வாசல். அதுவோ கைப்பேசியில் திறக்கவில்லை. அவ்வாண்டின் மாதங்கள் தாம் நாற்பது ஆண்டில் காணாத மாதங்கள் என்றார் கடைக்காரர். புதுப்பித்தல் என்பது அவருக்கு ஆர்வத்தின் பொருட்டு எழுந்ததன்று. கடை நிலைப்பதற்கு வேறு வழியில்லை என்பதால் எழுந்தது.

புதுப்பித்தல்: எதை எடுத்துச்செல்வது?

புதிய கடையை அமைக்கும் பொறுப்பைக் கடைக்காரரின் மகள் ஏற்றார். கணக்கியல் படித்தவர், காரியத்தில் தெளிவுடையவர். மாதக் கட்டணத்தில் இயங்கும் ஆயத்தக் கடைத்தளம் ஒன்றை அவர் தெரிவுசெய்தார். 2004ஆம் ஆண்டில் பனிச்சறுக்குப் பலகை விற்பதற்காக எழுதப்பட்ட நிரலிலிருந்து 2006ஆம் ஆண்டில் பிறந்த ஷாப்பிஃபை போன்ற தளங்கள் இன்று சிறுகடைகளுக்கு அளிப்பது ஏறத்தாழ வயாவெப் அன்று அளித்ததையே. பாதுகாப்பும் மேம்பாடும் தளத்தாரின் பொறுப்பு. உறவுப்பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டாலும் கடை நடக்கும். கட்டற்ற மென்பொருளைத் தாமே பராமரிக்கும் உரிமையைத் துறந்து இவ்வமைதியை விலைக்கு வாங்குவது இழப்பே எனச் சிலர் கூறுவர். கடைக்காரரின் நிலையில் நின்று பார்த்தால் அத்தெரிவைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

நாம் தலையிட்டது வேறோர் இடத்தில். புதிய தளத்திற்கு நூல்களின் பட்டியலை அட்டவணைக் கோப்பாக ஏற்ற வேண்டும். மகள், இருப்பில் உள்ள நூல்களை மட்டுமே ஏற்றுவதெனத் தீர்மானித்திருந்தார். கடைக்காரரும் உடன்பட்டார். ‘இல்லாத நூலைப் பட்டியலில் வைத்தால் கேட்பவர்க்கு என்ன பதில் சொல்வது, டாக்டர்?’ என்பது அவர் வாதம். வணிக முறையில் அது முற்றிலும் சரி. ஆனால் ஓஎஸ்காமர்ஸ் விற்றுத் தீர்ந்த நூலை அழிப்பதில்லை. இருப்பு சுழியம் எனக் குறித்து மறைத்து வைக்கிறது. ஆகவே பதினெட்டு ஆண்டுகளில் அக்கடை வழியே சென்ற ஒவ்வொரு நூலும் அத்தரவுத்தளத்தின் அடியில் கிடந்தது. நூலாசிரியர் தாமே அச்சிட்டுக் கடைக்குப் பத்துப் பத்துப் படிகளாகக் கொண்டுவந்து கொடுத்த உள்ளூர்க் கவிதைத் தொகுப்புகள், தோட்டப்புற ஆலயங்களின் குடமுழுக்கு மலர்கள், தமிழ்ப்பள்ளி வெள்ளிவிழா மலர்கள், தேர்வு வழிகாட்டிகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியீட்டாளர் தம் நூல்களைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கோயில் மலரை அச்சிடும் தோட்டத்துக் குழுவினர் அச்சட்டத்தை அறிந்திருப்பர் என எதிர்பார்ப்பதற்கில்லை.

மேலும் ஒவ்வொரு நூலின் பதிவிலும் கடைக்காரரின் குறிப்புகள் இருந்தன. முன்னர்க் கூறிய தொலைபேசி உரையாடல்களின் எச்சம் அவை. ‘ஈப்போ ஆசிரியர் மூன்று படி கேட்டார்’, ‘ஆசிரியரே வந்து மீதியை எடுத்துச்சென்றார்’, ‘இரண்டாம் பதிப்பு வராது என்கிறார்’ போன்ற சிறுகுறிப்புகள். ஒரு நூலை எழுதியவர் யார் என்பதைப் பட்டியல்கள் கூறும். அதனைக் கேட்டவர் யார் என்பதைக் கூறுபவை மிகச் சில. விலை நிரலும் அவ்வாறே. இந்திய நூல்களின் உரூபாய் விலையையும் ரிங்கிட் விலையையும் கடைக்காரர் அருகருகே பதிந்திருந்தார். ரிங்கிட் அமெரிக்க வெள்ளிக்கு 3.80 எனக் கட்டப்பட்டிருந்த காலம் 2005ஆம் ஆண்டு ஜூலையில் முடிந்த பிறகும், 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு சென் நாணயத்தின் வெளியீடு நிறுத்தப்பட்டதை ஒட்டிப் பற்றுச்சீட்டின் மொத்தத் தொகைகள் ஐந்து சென்னுக்கு முழுமையாக்கப்பட்டபோதும் அவ்விலைகள் எவ்வாறு அசைந்தன என்பதை ஒருவர் அங்கே வரிவரியாகப் பின்தொடரலாம். பொருளியல் வரலாற்றை விரும்பும் மாணவர்க்கு அது நல்ல விருந்து.

இணைய ஆவணக் காப்பகத்தில் இவை இருக்கக்கூடுமே என்னும் எண்ணம் நமக்கும் எழுந்தது. தேடினோம். முகப்புப் பக்கமும் ஒரு சில வகைப் பக்கங்களும் கிடைத்தன. ஓஎஸ்காமர்ஸ் ஒவ்வொரு வருகையாளரின் முகவரியிலும் ஓர் அடையாள எண்ணைச் சேர்க்கும் வழக்கமுடையது. அதனால் ஒரே பக்கம் வெவ்வேறு முகவரியில் பலமுறை சேமிக்கப்பட்டிருந்தது. பிற பக்கங்கள் சேமிக்கப்படவே இல்லை. மறைக்கப்பட்ட நூல்களும் குறிப்புகளும் அங்கு இருக்க வழியே இல்லை. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2006ஆம் ஆண்டு முதல் இணையத்தளங்களைச் சேமித்து வருகிறது. 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் அந்நாட்டு முகவரி கொண்ட தளங்களை முன்னிசைவின்றித் திரட்டவும் அதற்கு உரிமை தந்தது. அத்தகைய திரட்டலும் பக்கத்தின் முகத்தையே பிடிக்கும்; கடைக்காரரின் உள்ளறைக் குறிப்பு அதற்கு எட்டாது. ஆகவே மூலத் தரவுத்தளத்தின் படி ஒன்றை நமக்குத் தருமாறு கேட்டோம். வாங்கியோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கித் தருவதற்குக் கடைக்காரர் இசைந்தார். 2013ஆம் ஆண்டு நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மகள் நினைவூட்டினார், அது முறையே.

மறைந்த எழுத்துகள்

கிடைத்த படியைத் திறந்தபோதுதான் உண்மை நிலை புலப்பட்டது. 2009ஆம் ஆண்டளவில் கடை ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாறியபோது தரவு முழுவதும் ஒரு செயலி வழியே ஊற்றி எடுக்கப்பட்டிருந்தது. அப்போது பதிவுகளில் ஒரு பகுதி தன் கிரந்த எழுத்துகளை இழந்தது. ‘ஜ’வும் ‘ஸ’வும் இருந்த இடம் தெரியாமல் ஒட்டிக்கொண்டன. எம் துறையில் தனித்தமிழ்ப் பற்றுடைய நண்பர் ஒருவர் இதனை இயந்திரத்தின் நன்மதி எனப் பாராட்டினார். ஆயின் அதே இயந்திரம் ‘இ’யையும் விழுங்கியிருந்தது எனக் காட்டியவுடன் பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ‘இலக்கியம்’ ‘லக்கியம்’ ஆகியிருந்தது. ‘இந்தியர்’ மெய்யெழுத்தில் தொடங்கினர்.

இவற்றை மீட்பதில் எதிர்பாராத துணையாக வந்தது இலக்கணம். தனிமெய் மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியம் முதலாக வரும் விதி. ஆகவே மெய்யில் தொடங்கும் சொல் எதுவாயினும் அங்கே ஓர் உயிர் தொலைந்திருக்கிறது எனக் கொள்ளலாம். டகரம், ணகரம், ளகரம், றகரம், னகரம் ஆகியவற்றில் தொடங்குவனவும் பிறமொழிச் சொல் அல்லாதவிடத்து அவ்வாறே. யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிமுதலாகும் என்னும் தொல்காப்பிய விதியால் ‘யக்கம்’, ‘யற்கை’ போன்றவற்றை ‘இயக்கம்’, ‘இயற்கை’ எனத் திருத்தினோம். மாணவர் இருவர் இவ்விதிகளைச் சிறு நிரலாக எழுதினர். மொழிமுதல் எழுத்துகளைத் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்த அவர்கள் அன்று அடைந்த மகிழ்ச்சி தனியே குறிக்கத்தக்கது.

இலக்கணத்தின் எல்லையும் விரைவில் தெரிந்தது. ‘ராமாயணம்’ என நிற்கும் பதிவில் நூலின் அட்டை ‘இராமாயணம்’ என்று இருந்ததா, ‘ராமாயணம்’ என்றே இருந்ததா? இருவகையாகவும் எழுதுவோர் நம்மிடையே உளர். நூற்பட்டியலுக்கோ அட்டையில் உள்ளவாறே தலைப்பைத் தருவது கட்டாயம். ‘லங்கை’ என்பது ‘இலங்கை’ என எளிதில் அறியப்படும். ‘ரவி’ என்னும் ஆசிரியர் பெயர் ‘இரவி’யா என்பதை எந்த விதியும் கூறாது. ‘மயம்’ என்பது ‘இமயம்’ ஆகலாம். ‘மை’ என்பது ‘இமை’யும் ஆகலாம். இத்தகைய பதிவுகளைத் தனியே பிரித்து, பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள படிகளோடு ஒப்பிட்டோம். உள்ளூர் வெளியீடுகளில் பலவற்றுக்கு அங்கும் படி இல்லை. அவற்றுக்குக் கடைக்காரரின் நினைவே கடைசி ஆவணமாக இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் கடை மூடிய பிறகு தாள்களோடு அவர்முன் அமர்ந்தோம். அவர் தலைப்பைக் கேட்டதும் அட்டையின் நிறத்தைச் சொல்வார்; எழுதியவர் எந்தப் பள்ளியில் பணிபுரிந்தார் என்பதைச் சொல்வார்; எழுத்தைச் சொல்லுமாறு கேட்டால் சற்றே தயங்குவார். ‘புத்தகத்தைத்தானே விற்றேன், எழுத்தையா எண்ணினேன்?’ என ஒருமுறை கடிந்துகொண்டார்.

புதிய கடை 2021ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்டது. கைப்பேசியில் நன்றாகத் தெரிகிறது. தமிழில் தேடினால் கிடைக்கிறது. பணம் அந்நொடியே சேர்கிறது. இருப்பில் உள்ள நூல்களோடு, நம் வேண்டுகோளை ஏற்று, ‘முன்பு விற்றவை’ என்னும் ஒரு பகுதியையும் மகள் சேர்த்தார். அப்பகுதியால் பயனில்லை என்னும் கருத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் கிள்ளானிலிருந்து ஒரு குடும்பத்தார் தம் தந்தையார் எழுதிய நூலின் பெயரை அதில் கண்டு, படி இருக்கிறதா எனக் கேட்டுவந்த பிறகு அப்பகுதியை முகப்பிலிருந்து எட்டக்கூடிய இடத்திற்கு மாற்றினார். படி இல்லை. தலைப்பும் ஆண்டும் விலையும், ‘ஆசிரியரே வந்து மீதியை எடுத்துச்சென்றார்’ என்னும் குறிப்பும் மட்டும் இருந்தன. அவற்றைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

திருத்திய பட்டியலின் படி ஒன்றும் திருத்தாத மூலத்தின் படி ஒன்றும் இப்போது எம் துறையில் உள்ளன. மூலத்தை வைத்திருப்பது வேண்டுமென்றே செய்ததாகும். நம் திருத்தங்களில் பிழையிருப்பின் பின்வருவோர் அறிய வேண்டும். அது தேவை என்பதற்குச் சான்று அடுத்த ஆண்டே கிட்டியது. ‘மை’ எனப் பதிவாகியிருந்த ஒரு சிறு கவிதைத் தொகுப்பைக் கடைக்காரர் ‘இமை’ என்று உறுதியாகக் கூறியதால் நாமும் அவ்வாறே திருத்தியிருந்தோம். சிரம்பானில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்நூலின் படியைத் துறைக்குக் கொண்டுவந்தார். அட்டையில் ஒரு மைக்கூட்டின் படம் வரையப்பட்டிருந்தது. பட்டியலில் ‘இ’யை நீக்கிவிட்டோம்.